தண்ணீர் ஊற்றியவர்கள்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் என்னோடு தொலைபேசியில் பேசியபோது, "அக்கா, நீங்கள் பூந்தோட்டத்தில் வேலை செய்த அனுபவத்தைச் சொல்லுங்கோ, பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்" என்று கேட்டா. பூந்தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது, பூப் பார்ப்பதுதானே என்று என் சொந்தச் சித்தியே முப்பது வருடமாக என்னைக் கேட்டிருக்கிறா. ஆகவே இன்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். கூடவே ஒரு கடனையும் தீர்க்கவேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே படித்தது எழுபதுகளில். அப்போது முன்வாசலில் இருந்து மண்டபம் வரைக்கும் இரண்டு பக்கமும் வேம்புகள் நின்றன. என் வயதுடையவர்களுக்கு அவை நினைவிருக்கும். பிந்தி வருகிற பிள்ளைக்குத் தண்டனை, கிணற்றில் தண்ணீர் அள்ளி அந்த வரிசையில் நிற்கும் இளங்கன்றுகளுக்கு ஊற்றுவது. நான் நெடுந்தூரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் பிந்தினால் நானும் பிந்துவேன். ஆகவே அந்தத் தண்டனையில் எனக்கு நல்ல தேர்ச்சி.

அங்கே ஓர் ஆச்சி இருந்தா. கூட்டுவது, கிணற்றடி கழுவுவது, மரங்களைப் பார்ப்பது எல்லாம் அவதான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே வீச்சாக இலைக்கு மேலே ஊற்றுவேன். ஆச்சி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வருவா. "பிள்ளை, இலை குடிக்கிறேல்லை, வேர்தான் குடிக்கும். மெல்லமா ஊத்து. மண் இழுக்க நேரம் குடு" என்று சொல்லுவா. நான் தாவரவியலில் படித்த முதற் பாடம் அதுதான். ஆய்வுகூடத்தில் பிறகு படித்ததெல்லாம் அதற்கு விளக்கவுரை.

உயர்தரத்தில் உயிரியல் படித்தோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. வவுனியாவில் ரயில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, கண்டி ரயிலுக்கு மாறிப் பேராதனைச் சந்தியில் இறங்கினேன். வன்னியில் பங்குனி மாதத்தில் புல்லுக்கூடக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். அங்கே தண்டவாளத்துக்கு இடையிலும் பச்சை. மழைநாட்டுக் காற்றில் ஒரு ஈர மணம் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு அயலில்தான் பேராதனைத் தாவரவியற் பூங்கா. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர். கண்டி மன்னர் காலத்தில் அரச தோட்டமாக இருந்த நிலம். 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் அங்கே தாவரவியற் பூங்காவை அமைத்தார். மூன்றே ஆண்டில், 1824இல், இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் உண்டு. பிறகு மலையில் ஹக்கல 1861இலும், கம்பஹாவில் ஹெனரத்கொட 1876இலும் வந்தன. சிங்கோனாவை ஹக்கலவிலும் றப்பரை ஹெனரத்கொடவிலும் நட்டுப் பார்த்தார்கள். அந்தத் தோட்டங்கள் பூப் பார்ப்பதற்காக உருவானவையல்ல என்பதை என் சித்திக்குச் சொல்லிவையுங்கள். ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய கன்றுகள் அங்கேதான் முளைத்தன.

படிப்பு முடிந்து சில வருடங்களின் பின் அரச தாவரவியற் தோட்டச் சேவையில் சேர்ந்தேன். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தோட்டங்களில், மலைநாட்டிலும் வரண்ட பகுதியிலும், வேலை. தோட்டக்காரர்களை மேற்பார்வை செய்வது, காட்சிக்கு வைக்கும் செடிகளைப் பொறுப்பாகப் பார்ப்பது. இதுதான் என் உத்தியோகம்.

காலை ஏழு மணிக்கு வரவுப் பதிவு. யார் வந்தது, யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு ஆட்களைப் பிரித்து விடவேண்டும். புற்றரைக்கு இத்தனை பேர், நாற்றுமேடைக்கு இத்தனை பேர், ஓர்க்கிட் வீட்டுக்கு இருவர், இலை கூட்டுவதற்கு நால்வர், கூட்டெருக் குழிக்கு இருவர். மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, பூவாளி எல்லாம் எண்ணிக் கொடுத்து, பின்னேரம் எண்ணி வாங்கவேண்டும். அதன்பின் நான் முழுத் தோட்டத்தையும் ஒருமுறை நடந்து பார்ப்பேன். முறிந்து தொங்கும் கொப்பு எது, எந்தச் செடி வாடியிருக்கிறது, எந்தப் பெயர்ப்பலகை சாய்ந்திருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறிப்பேன். வாசல் திறந்து முதலாவது பாடசாலை பஸ் வருவதற்கு முன்னர் அவ்வளவும் முடிந்திருக்கவேண்டும்.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பிழை விட்டேன். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

மலர்க்காட்சிக்காகச் சல்வியாவும் பெற்றூனியாவும் போட்டோம். இந்தச் செடிகளுக்கு விதை போட்டதில் இருந்து பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு கிழமை வேண்டும். காட்சித் திகதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணி விதைக்கவேண்டும். பெற்றூனியா விதை தூசி போல இருக்கும். உலர்ந்த மணலோடு கலந்துதான் தூவவேண்டும். இல்லாவிட்டால் ஓர் இடத்தில் அடர்ந்துவிடும். நான் புத்தகம் படித்துவிட்டு வந்தவள். நாற்றுகள் அழகாக முளைத்து நின்றன. அவை வாடிவிடுமோ என்று பயந்து, பின்னேரமும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வாய் திறந்து சொன்னார். "மிஸ், பொழுது சாயிற நேரத்துல வேணாங்க. ராத்திரி பூரா ஈரமா நிக்கும். புள்ளைங்களுக்கு சளி புடிக்கும்." நாற்றுகளைத்தான் பிள்ளைகள் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் சொல்கிறதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

நான்காம் நாள் காலை பார்த்தால், தட்டுத் தட்டாக நாற்றுகள் அடியில் கறுத்து, நூல் போல மெலிந்து, சரிந்து கிடந்தன. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பங்கசு, இரவில் ஈரமும் நெருக்கமும் கிடைத்தால் இளந்தண்டைத் தின்றுவிடும். அந்த நோயின் இலத்தீன் பெயர் எனக்குப் பரீட்சைக்கு வந்தது, எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அந்தப் பெரியவருக்கு அதன் பெயர் தெரியாது, ஆனால் அது எப்போது வரும் என்று தெரியும்.

அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அடுத்த நாள் நான் போகும்போது அவர் பழைய தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார். புது மண்ணையும் மணலையும் அரித்துக் குவித்திருந்தார். "இன்னும் பதினோரு கிழமை இருக்குங்க மிஸ். இன்னைக்குப் போட்டா எட்டிரலாம்" என்றார். எட்டிவிட்டோம். காட்சி அன்று வந்த பெரியவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவர் பின்னால் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அன்று நான் அவரை முன்னுக்குக் கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, அதனால் கூப்பிடவில்லை. அடுத்த வருடத்தில் இருந்து கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் வேலை பிரித்த பின், கட்டளையோடு சேர்த்து ஒரு கேள்வியும் கேட்பேன். "இதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரி இப்படிக் கேட்டால் அதற்குள் ஏதோ பொறி இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிறகு மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள். புல் பிடுங்கும் பெண்கள்தான் முதலில் பேசியவர்கள். ஒரு பெரிய மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் சிறுத்துவிட்டன என்று ஒருத்தி காட்டினா. அந்தப் பக்கம்தான் எல்லாரும் நின்று படம் எடுக்கிற இடம். மரத்தின் நுண்ணிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். ஆயிரம் கால்கள் மிதித்தால் மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காது. கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கி, சருகும் கூட்டெருவும் போட்டோம். இரண்டு மழைக்காலத்தில் இலை பழையபடி வந்தது. புற்றரையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருத்தி அண்ணாந்து பார்த்ததால் காப்பாற்றப்பட்ட மரம் அது.

காட்சிச் செடிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நீங்கள் கண்ணாடி வீட்டுக்குள் போனால் எல்லாச் செடியும் பூத்து நிற்கும். ஒரு செடியும் எப்போதும் பூத்து நிற்காது. காட்சியில் ஒரு சாடி இருந்தால், பின்னால் நாற்றுமேடையில் அதற்கு மாற்றாக மூன்று சாடிகள் வளர்ந்துகொண்டிருக்கும். முன்னால் நிற்பது களைத்ததும் இரவோடிரவாக மாற்றிவிடுவோம். களைத்த செடியை எறிவதில்லை. கத்தரித்து, பசளை வைத்து, நிழலில் ஆறவிடுவோம். அதற்கும் லீவு வேண்டும். சாடிகளை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்துப் பக்கம் சாய்ந்து கூன் விழுந்துவிடும். ஓர்க்கிட்டுக்கு மண் வேண்டாம், கரியும் ஓட்டுத் துண்டும் போதும். ஆனால் காலையில் தண்ணீர் தெளித்தால் மாலைக்குள் காயவேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது விளங்கும்.

பேராதனையில் ஆற்றங்கரை ஓரம் இராட்சத மூங்கில் நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் அடி வளரும். மறுபக்கம் இரட்டைத் தென்னை வரிசை. உலகத்திலேயே பாரமான விதை அதனுடையது. ஒரு காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள். ஒரே தோட்டக்காரர் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். ஒன்று அவர் கண்முன் வளர்கிறது. மற்றதில் அவர் இன்று செய்த வேலையின் பலனைக் காண்பதற்குள் அவருடைய பிள்ளை பாடசாலையே முடித்துவிடும். இரண்டுக்கும் ஒரே கவனம் கொடுக்கவேண்டும். மேற்பார்வை என்பது இந்தக் கவனத்தைக் கலையாமல் வைத்திருப்பதுதான். அதட்டி அதைச் செய்ய முடியாது.

அங்கே விருந்தினர்கள் நட்ட மரங்களும் நிறைய உண்டு. 1875இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரசமரம் ஒன்று. 1901இல், பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியுமாக முடிசூடிய இருவரும் நட்ட நாகலிங்க மரம் ஒன்று. மரத்தடியில் பலகையும் இருக்கும். இளவரசர் நட்டது ஒரு பிடி மண், ஒரு குவளை தண்ணீர், அரை மணித்தியாலம். அடுத்த நாள் தண்ணீர் ஊற்றியது யார்? அதற்கு அடுத்த நாள்? நூற்றிருபது வருடம் கடந்தும் அந்த நாகலிங்கம் பூத்துக்கொண்டிருக்கிறதென்றால் எத்தனை பரம்பரைக் கைகள் அதற்குப் பின்னால்? அந்த மரங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நம் கல்லூரி ஆச்சியின் நினைவு வரும்.

பிற்காலத்தில் வரண்ட பகுதித் தாவரங்களோடு வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அம்பாந்தோட்டையில் மிரிஜ்ஜவில என்ற இடத்தில் வரண்ட வலயத் தாவரவியற் பூங்கா 2013இல் திறக்கப்பட்டது. 300 ஏக்கர். அங்கே போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. பாலை, வீரை, முதிரை. நான் பஸ்ஸில் வரும்போது ஜன்னலால் பார்த்த மரங்கள். முல்லைத்தீவுக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் முழு நாடே இருக்கிறது. மரங்களுக்கு அது தெரியாது. மழை குறைந்த இடம் எல்லாம் அவற்றுக்கு ஒரே ஊர்.

பெயர்ப்பலகைகளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு தோட்டத்தில் வரண்ட வலய மரங்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலைப் பளுவில், சிங்களப் பெயரைப் பார்த்து அப்படியே தமிழ் எழுத்தில் மாற்றி ஒரு நகல் எழுதிக் காட்சிக்கு வைத்துவிட்டேன். 'பலு' என்றும் 'புருத்த' என்றும் எழுதியிருந்தேன். வன்னிப் பாடசாலை ஒன்றில் இருந்து பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஒரு சின்னப்பெட்டை, ஒன்பதாம் வகுப்பு இருக்கும், மரத்தைப் பார்த்து, பலகையைப் பார்த்து, ஆசிரியையிடம் சொன்னாள்: "ரீச்சர், இது பாலையெல்லே? பிழையா எழுதிக் கிடக்கு. எங்கட அப்பப்பா பாலைப்பழம் பிடுங்கித் தாறவர். சாப்பிட்டால் உதடு ஒட்டும்."

நான் பக்கத்தில் நின்றேன். நான் வன்னிப் பெண். என் உதடும் பாலைப்பழத்தில் ஒட்டியதுதான். என் கையாலேயே அந்தப் பெயரை அழித்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் தலையைத் தடவி, "நீ சொன்னது சரி மகள், எழுதினவ நான்தான்" என்று சொன்னேன். அவள் பயந்துபோனாள். ஆசிரியைக்கும் சங்கடம். அன்று இரவே நான் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினேன்.

எனக்கு உதவியது பழைய புத்தகம் ஒன்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக 1880 முதல் இருந்த ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய கைந்நூல். முதற்பாகம் 1893இல் வந்தது. 1896இல் அவர் இறந்த பின், ஜோசப் ஹூக்கர் அதை முடித்து, கடைசிப் பாகம் 1900இல் வெளியானது. அந்த ஆங்கிலேயர் மரங்களின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் குறித்துவைத்திருக்கிறார். பாலை இருக்கிறது, வீரை இருக்கிறது, முதிரை இருக்கிறது. வீரைக்குச் சிங்களத்திலும் ஏறத்தாழ அதே பெயர்தான். ஆங்கிலேயர் ஒருவர் கேட்டு எழுதிவைத்த பெயரை நான் கேளாமல் விட்டேன். புத்தகத்தில் இல்லாத பெயர்களுக்காக விடுமுறையில் ஊருக்கு வந்து, விறகு வெட்டியவர்களிடமும் மாடு மேய்த்தவர்களிடமும் தேன் எடுக்கப் போனவர்களிடமும் கேட்டு எழுதினேன். அவர்களில் பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். மரத்தைக் கண்டால் பெயர் சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தெரியவில்லை. காட்டுக்குள் போகாமலே வளர்ந்த தலைமுறை அது. காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை, இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

2009க்குப் பிறகு, மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், நம் கல்லூரியைப் பார்க்க வந்தேன். மண்டபத்துக்குக் கூரை இல்லை. எங்கள் வகுப்பறைச் சுவரில் நான் சொல்ல விரும்பாத அடையாளங்கள் இருந்தன. வேம்பு வரிசையில் பாதிக்கு மேல் இல்லை. நின்றவற்றிலும் ஒன்றுக்கு மேற்பகுதி முறிந்து, அடிமரம் மட்டும் கரிந்துபோய் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முறிந்த இடத்துக்குக் கீழே விரற்கடை உயரத்தில் ஏழெட்டுத் தளிர்கள், சிவப்பாக. வேம்பு அப்படித்தான், வெட்டினாலும் தளிர்க்கும். ஆனால் வேர் ஆழமாக இருந்தால்தான் தளிர்க்கும். வேரை ஆழமாக இறங்கவைத்தது, மண் இழுக்கும்வரை பொறுமையாக ஊற்றிய தண்ணீர். அது நானும் என்னைப்போலப் பிந்தி வந்தவர்களும், ஆச்சியும் ஊற்றியது. இன்று அந்த வேம்பின் நிழலில்தான் நீங்கள் மதியம் சாப்பிட்டீர்கள்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக நூறு மரக்கன்றுகளை ஒரே நாளில் நடுவது என்று சங்கம் தீர்மானித்திருப்பதாக அறிந்தேன். நல்ல எண்ணம். ஆனால் என் தொழில் அனுபவத்தில், உரிமையோடு சில விடயங்கள் சொல்லவேண்டும். கோபிக்கவேண்டாம்.

முதலாவது, காலம். நம் பகுதியில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் நீண்ட வரட்சி. வெளிநாட்டில் இருந்து எல்லாரும் வருகிற ஆவணியில் நட்டால் படம் நன்றாக வரும், கன்று போய்விடும். நடவேண்டியது ஐப்பசியில், முதல் மழை மண்ணுக்குள் இறங்கிய பின்.

இரண்டாவது, தொகை. நூறு கன்று வேண்டாம். முப்பது போதும். இந்த வளவில் உள்ள கிணற்றையும் ஆட்பலத்தையும் பார்த்துத்தான் சொல்கிறேன். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி. நடுவதற்கு ஒரு மாதம் முன்னரே வெட்டி, மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி ஆறவிடவேண்டும். அடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி ஒவ்வொரு கன்றுக்கும் கூடு. கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவைத்தால், அது கசிந்து கசிந்து வேருக்குப் போகும். ஆச்சி சொன்ன அதே பாடம்தான், பானை அதைப் பொறுமையாகச் செய்யும்.

மூன்றாவது, என்ன மரம். கடையில் கிடைக்கிற அலங்கார மரம் நட்டு என்ன பயன்? பாலை நடுவோம், முதிரை நடுவோம், மருதும் நாவலும் விளாவும் கொன்றையும் நடுவோம். பாலை மிக மெதுவாக வளரும். நாம் அதன் நிழலில் இருக்கமாட்டோம். நம் பேத்திகளின் உதடு ஒட்டட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை வைப்போம், ஊரில் வழங்கும் பெயரை எழுதுவோம். பலகை எழுதமுன் அயலில் இருக்கும் அப்பப்பாமாரிடமும் ஆச்சிமாரிடமும் பிள்ளைகள் போய்க் கேட்டு வரவேண்டும். அதை ஒரு வகுப்பு வேலையாக அதிபர் அவர்கள் தரவேண்டும் என்று தாழ்மையாகக் கேட்கிறேன்.

நான்காவதுதான் முக்கியம். முதல் மூன்று வருடங்கள், மூன்று வரட்சிகள், யார் தண்ணீர் ஊற்றுவது? பிள்ளைகள் ஊற்றுவார்கள் என்று சொல்லாதீர்கள். சித்திரை விடுமுறையும் ஆவணி விடுமுறையும் வரும்போது பாடசாலை பூட்டியிருக்கும், வெயில் பூட்டியிருக்காது. கன்றுகள் சாவது அந்த விடுமுறைகளில்தான். ஒரு தோட்டக்காரருக்கு மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கவேண்டும். நினைவு வளைவுக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். வளைவைப் பெயின்ற் அடித்துச் சிறிதாகக் கட்டலாம், தோட்டக்காரரின் சம்பளத்தைச் சிறிதாக்க முடியாது. கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் தங்கைமாரே, ஒரு மரத்துக்குப் பணம் தந்து உங்கள் பெயரைப் பலகையில் போடச் சொல்லிக் கேட்பீர்கள் என்று தெரியும். போடுவோம். அதே பலகையில் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவரின் பெயரையும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுவோம். சம்மதமா?

இனி நான் தொடக்கத்தில் சொன்ன கடன்.

இந்த மலரின் கையெழுத்துப் பிரதியைச் செயலாளர் எனக்குக் காட்டினா. அதிபர்களின் பெயர் வரிசை இருக்கிறது. ஆசிரியர்கள், மாணவத் தலைவிகள், பரிசு பெற்றவர்கள், கட்டடத்துக்குக் கொடை தந்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆச்சியைத் தேடினேன், இல்லை. சரி, நானே எழுதிக் கொடுப்போம் என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அவவின் பெயர் தெரியாது.

எட்டு வருடம் அவவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவவிடம் படித்த பாடத்தை வைத்து முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன். ஆயிரக்கணக்கான மரங்களின் இலத்தீன் பெயர் எனக்கு மனப்பாடம். ஆச்சி என்று கூப்பிட்டோம், அதற்கு மேல் கேட்கவில்லை. என் வகுப்புத் தோழிகள் பதினொரு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "வெற்றிலை போட்ட வாய்", "நீலக்கரைச் சேலை", "கையில் பச்சை குத்தியிருந்தா" என்று எல்லாம் சொன்னார்கள். பெயர் மட்டும் இல்லை. கல்லூரியின் பழைய சம்பளப் பதிவேடுகள் இடம்பெயர்வில் போய்விட்டன. அவ எங்கே, எந்த வருடம் போய்ச் சேர்ந்தா என்பதும் தெரியாது.

ஆகவே இந்த மலரை எங்கிருந்து வாசித்தாலும், ஐம்பதுகளில் இருந்து எண்பதுகள் வரை இங்கே படித்த அக்காமார், தங்கைமார், உங்களில் யாருக்காவது, உங்கள் தாய்க்காவது, பெரியம்மாவுக்காவது அவவின் பெயர் தெரிந்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அவவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த மண்டபத்திலேயே இருக்கவும்கூடும். இருந்தால், போகும் முன் தயவுசெய்து என்னிடம் வாருங்கள்.

முதற் கன்று பாலை. அதை முன்வாசலில், முறிந்து தளிர்த்த வேம்புக்கு எதிர்ப்பக்கத்தில் நடுவதற்குச் சங்கம் சம்மதித்திருக்கிறது. அதற்குரிய பலகையை நான் செய்வித்துக் கொண்டுவந்திருக்கிறேன். மரத்தின் பெயர் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.